திறந்து பார்க்காத ஃபைல்

நிர்மலின் தாடையை உடைத்தது நான்தான். இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போயிற்று, முன்பற்கள் மூன்று போயின. போலீஸ் எழுதிய காகிதத்தில் ஆயுதம் என்ற இடத்தில் 'லேப்டாப்' என்று இருக்கிறது. அதை எழுதும்போது ஹவல்தாரே ஒரு தடவை நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் பெயர் லியோனார்ட். வயது நாற்பத்தாறு. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே மராத்தி ஊரான கட்கி கன்டோன்மென்ட்டில். தளேகாவ் தொழிற்பேட்டையில் காருக்குத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை பார்த்தேன். பிரிண்டர் ஓடாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒயரை எலி கடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எலியை நான்தான் ஏவிவிட்ட மாதிரி. எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாய் பேசி முடிப்பதற்குள் கை போய்விடும். கட்கி ஸ்டேஷன் வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரனை அறைந்து, அவன் ஆட்கள் என்னைத் திருப்பி அறைந்து, என் மனைவி ஹெலினா சமாதானம் பேசி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது போன வருடம்தான். அவள் ஸ்கூல் டீச்சர். "வீட்டுல ஒண்ணு, கிளாஸ்ல நாப்பத்தஞ்சு" என்று சொல்வாள்.

கோவிந்தராஜ் என் சிநேகிதன். ஆம்பூர்ப் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவனை இந்தக் கம்பெனியில் பிரஸ் ஓட்டச் சேர்த்துவிட்டதே நான்தான். ஆகுர்டியில் குடியிருந்தான். காலையில் அவன் ஆகுர்டியில் லோக்கல் ரயில் ஏறும்போது கட்கியிலிருந்து வரும் நான் அவனுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பேன். மதியம் டப்பாவைப் பிரித்தால் என் சப்பாத்தியில் பாதி அவனுக்கு, அவன் சோற்றில் பாதி எனக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பிரஸ் அவன் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே நசுக்கியது.

பிரஸ் அடிக்கிற சத்தம் எங்கள் யாருக்கும் காதில் விழாது, அவ்வளவு பழக்கம். அன்று ஒரு மெஷின் நின்றதுதான் காதில் விழுந்தது. அதற்கப்புறம் கத்தல். நான் ஓடிப் போனபோது கை டைக்குள், தகட்டை அழுத்தும் அச்சுக்குள் இருந்தது, ஆள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். மெஷினை மேலே தூக்க ஆறு நிமிஷம் ஆயிற்று. என் பெல்ட்டை உருவி அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் என் சட்டைக் கைக்குள் சூடாக இறங்கியது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டு, "லியோ, கை இருக்கா பாரு" என்று கேட்டான். இருக்கு என்று பொய் சொன்னேன்.

அந்த மாதிரி பிரஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் சென்சார் நிற்கும். நடுவில் கை போனால் மெஷின் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும். அதனால் சில சூப்பர்வைசர்கள் ஒரு துண்டு ஒயரைச் செருகி சென்சாரை ஏமாற்றிவிடுவார்கள். கோவிந்தராஜின் மெஷினில் அப்படி ஒரு ஒயர் செருகியிருந்தது. அன்று சாயங்காலமே, அவன் ஆபரேஷன் மேஜையில் கிடக்கும்போதே, கம்பெனி ஓர் அறிக்கை எழுதிவிட்டது: சீக்கிரம் வேலையை முடிக்க ஆபரேட்டர் தானே ஒயரைச் செருகினார், கையை இழந்தது அவருடைய தவறு. எழுதியவர் ஃபாக்டரி மேனேஜர் பாலச்சந்திரன். சென்னைக்காரர். எங்களோடு இங்கிலீஷில்தான் பேசுவார், ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும்.

மறுநாள் காலை நான் முதல் வேலையாகக் கேமரா ரெக்கார்டரைத் திறந்து அந்த அரைமணி நேரத்தை என் லேப்டாப்புக்கு இழுத்தேன். ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பதினாலுக்கு சூப்பர்வைசர் ஷேலார் வருகிறான். தன் கையாலேயே ஒயரைச் செருகுகிறான். கோவிந்தராஜ் எழுந்து நின்று வேண்டாம் என்று கை ஆட்டுகிறான். ஷேலார் அவன் காலரைப் பிடித்து ஸ்டூலில் தள்ளுகிறான், தலையில் ஒன்று போடுகிறான். கோவிந்தராஜ் உட்காருகிறான். இரண்டு முப்பத்தொன்றுக்குப் பிரஸ் இறங்குகிறது. அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் பின்னால் நின்று நிர்மலும் பார்த்தான். நிர்மல் எங்கள் சிஸ்டம் அட்மின், பொள்ளாச்சிப் பையன், இருபத்தொன்பது வயது. கம்பெனியின் மொத்த ஃபைல்களும் இருக்கிற கிளவுட் சேமிப்புக்குச் சாவி அவன் கையில். முகம் வெளுத்துப்போய், "வேண்டாமுங்கண்ணா" என்றான். "இத எடுத்து வெக்காதீங்க. நமக்கு எதுக்குங்க. எனக்கு இப்பத்தான் கொழந்தை பொறந்திருக்குதுங்க."

"உனக்குப் பயமா இருந்தா போயி சர்வரைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்றேன். போய்விட்டான்.

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை, அரசாங்கத்திலிருந்து பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பதாக இருந்தது. அதுவரை வீடியோ பத்திரமாக இருக்க வேண்டும். ரெக்கார்டர் ஏழு நாள் ஆனதும் பழையதன் மேலேயே பதிய ஆரம்பிக்கும். வெளியே எடுத்துக்கொண்டு போனால் திருட்டு என்பார்கள், வீட்டில் உட்கார்ந்து தயாரித்தது என்பார்கள். அதனால் கம்பெனியின் கிளவுடுக்குள்ளேயே, தேதி நேரத்தோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதிலும் யார் கண்ணிலும் படாமல் இருக்க, பழைய டை டிராயிங்குகள் கிடக்கும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று பன்னிரண்டு பதிமூன்று அடுக்கு உள்ளே போய் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஃபைலின் ஓரத்தில் பச்சை டிக் விழுந்தது. எங்கள் கிளவுடில் பச்சை டிக் என்றால் ஃபைல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் லேப்டாப்பில் இடம் குறைவு என்பதால், மேலே சேர்ந்ததும் கீழே வெறும் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் இன்னொரு காப்பி எடுக்கலாமா என்று யோசித்தேன். டிக்தான் விழுந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

இந்த டிக் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கம்பெனியில் இதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் கிடையாது. ஃபைலின் ஓரத்தில் இப்படிச் சின்னக் குறி போடுவதற்கு விண்டோஸில் இருக்கிற இடம் கொஞ்சம். பத்துப் பதினைந்து பேருக்குத்தான் சீட். வரிசை பெயரின் அகர வரிசைப்படி. அதனால் கெட்டிக்கார மென்பொருள்கள் தங்கள் பெயருக்கு முன்னால் நாலு வெற்றிடம் விட்டு முன்வரிசைக்கு வந்துவிடும். லோனாவலா லோக்கலில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போலத்தான். பின்னால் வந்தவனுடைய குறி தெரியவே தெரியாது. எங்கள் டிசைன் பிரிவில் டிராயிங்குகளைக் கணக்கு வைக்க ஒரு மென்பொருள் உண்டு. அதுவும் பச்சை டிக்தான் போடும். ஆனால் அதன் டிக்குக்கு, இந்த ஃபைலை இந்த மெஷினில் பார்த்துக்கொண்டேன் என்று மட்டும்தான் பொருள். மேலே போனதா என்று அதற்குத் தெரியாது, கவலையும் கிடையாது. டிக் இருக்கிறது, ஆனால் அடுத்த சீட்டுக்காரருக்குப் பழைய டிராயிங்தான் வருகிறது என்று டிசைன் பிரிவிலிருந்து நாற்பது புகார். நாற்பதையும் தீர்த்தவன் நான். காரணத்தைக் கண்டுபிடித்துப் பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ் அடித்து, ஒவ்வொரு அறையிலும் ஒட்டினேன்: 'பச்சை டிக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஃபைலைத் திறந்து பார்க்கவும்.' கீழே என் கையெழுத்து.

அந்தப் புகாரை ஆராய்வதற்காக அதே டிராயிங் மென்பொருளை என் லேப்டாப்பிலும் போட்டு, கோளாறை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தேன். எங்கள் வேலையில் அப்படித்தான் செய்வோம். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. மறந்துபோனேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாடி கான்ஃபரன்ஸ் அறையில் விசாரணை. இன்ஸ்பெக்டர் நரைத்த தலையுள்ள ஒரு அம்மாள், மராத்தியில் பேசினார், சிரிக்கவில்லை. பாலச்சந்திரன் ஒரு பக்கம், ஷேலார் ஒரு பக்கம். கோவிந்தராஜைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். கட்டுப் போட்ட கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துபோயிருந்தது. ஷேலார் தன் பங்குக்கு, ஆபரேட்டர்தான் ஒயரைச் செருகினான், நான் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன் என்றான்.

"நான் வெச்சனா?" என்று கோவிந்தராஜ் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான். "லியோ, நீ சொல்லுப்பா."

நான் எழுந்தேன். வீடியோ இருக்கிறது, கம்பெனி கிளவுடிலேயே இருக்கிறது, இப்போதே காட்டுகிறேன் என்று மராத்தியில் சொன்னேன். ஷேலாரின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கிளவுடைத் திறந்து, பெரிய திரையில் எல்லோரும் பார்க்க ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போனேன். கடைசி ஃபோல்டரில் எட்டு டிராயிங்குகள் இருந்தன. வீடியோ இல்லை.

தேடினேன். பெயரைப் போட்டுத் தேடினேன். குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலி.

"குடே ஆஹே?" என்றார் இன்ஸ்பெக்டர். எங்கே இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான். ஷேலார் வாய்விட்டுச் சிரித்தான். பாலச்சந்திரன் மேஜையில் பேனாவை உருட்டிக்கொண்டே, "மிஸ்டர் லியோனார்ட், ஃப்ரெண்டுக்கு உதவணும்னு நினைக்கிறது தப்பில்ல. ஆனா இப்படியா?" என்று தமிழில் கேட்டார். கோவிந்தராஜ் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஐந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினேன். என் மேஜையிலிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். வீடியோவின் பெயர் அங்கே இருந்தது, ஓரத்தில் பச்சை டிக்கும் இருந்தது. என் மண்டைக்குள் கணக்கு ஒரே நொடியில் முடிந்துபோயிற்று. டிக் இருக்கிறது, ஆகவே மேலே போனது. மேலே போனது இப்போது இல்லை, ஆகவே அழித்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டியைக்கூடக் காலி செய்யும் அதிகாரம் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவனை முந்தின நாள் சாயங்காலம் பாலச்சந்திரன் ஒரு மணி நேரம் அறைக்குள் வைத்துப் பேசியதை நானே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழே இருப்பது வெறும் பெயர். கூடு.

ஒரு தட்டுத் தட்டித் திறந்து பார்த்திருக்கலாம். ஒரே ஒரு தட்டு. நாற்பது பேருக்குச் சொன்னதை நான் செய்யவில்லை.

லேப்டாப்பை மூடிக் கையில் இடுக்கிக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன். நிர்மல் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"என்னங்கண்ணா, விசாரணை முடிஞ்சுதுங்களா?"

அறைந்தேன். டீ அவன் சட்டையில் கொட்டியது, மூக்குக்கண்ணாடி பறந்து ராக்கில் அடித்து விழுந்தது. "எவ்வளவு குடுத்தான்டா பாலச்சந்திரன்?"

"எதுக்குங்கண்ணா? என்னங்க சொல்றீங்க?"

"வீடியோவ அழிக்க."

"நான் அழிக்கலீங்க. எந்த ஃபோல்டர்ல வெச்சீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க." அவன் எழுந்திருக்கப் பார்த்தான். வயிற்றில் உதைத்தேன். நாற்காலியோடு பின்னால் போய் விழுந்தான். விழுந்தவனின் விலாவில் இரண்டு உதை. மூன்று என்று ரெக்கார்டரில் இருக்கிறதாம், எனக்கு எண்ணிக்கை நினைவில்லை. ஷூ உள்ளே இறங்கும்போது ஏதோ நெளிந்து கொடுத்தது காலுக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பது நாளாக எனக்குள் கிடந்தது எல்லாம் வெளியே போகிற மாதிரி ஒரு சுகம். இதை யாரிடமும் சொன்னதில்லை, ஹெலினாவிடம்கூட.

நிர்மல் தவழ்ந்து மேஜைக்கு அடியில் போனான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூக்கில் ரத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணா, லேப்டாப்ப தெறங்க" என்றான். "தெறந்து பாருங்கண்ணா. அதுலயேதான் இருக்கும்."

என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் பெயரைத் திறந்து பார் என்கிறான் என்று நினைத்தேன். லேப்டாப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, அதன் ஓரத்தால் அவன் வாயில் அடித்தேன். விறகு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. பற்கள் தரையில் தெறித்தன. அவன் கத்தவில்லை, கத்துவதற்கு வாய் சரியாக இல்லை. இரண்டாவது அடி கன்னத்தில் விழுந்தது. கீல் உடைந்து திரை ஒரு பக்கம் தொங்கியது. மூன்றாவது அடிக்கு அவன் தலையை நகர்த்திவிட்டான், லேப்டாப் இரும்பு ராக்கின் முனையில் மோதி வயிறு பிளந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அப்போதும் விடவில்லை. கையில் மிஞ்சியதைத் தரையில் அடித்தேன், ஏறி மிதித்தேன். வெளியே செக்யூரிட்டி கதவை இடித்துக்கொண்டிருந்தான்.

நிர்மல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக இறங்கிக்கொண்டிருந்தன. என்னவோ சொல்லப் பார்த்தான், வார்த்தையாக வரவில்லை. பிறகு கையை மெதுவாகத் தூக்கி, ஒரு விரலால் என் தலைக்குப் பின்னால் காட்டினான்.

திரும்பிப் பார்த்தேன். சுவரில் என் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

'பச்சை டிக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஃபைலைத் திறந்து பார்க்கவும்.'

நான் அதைப் படித்தேன். கீழே என் கையெழுத்தைப் படித்தேன். டிராயிங் ஃபோல்டர். டிராயிங் மென்பொருள். என் லேப்டாப்பில் நான் எடுக்க மறந்த மென்பொருள். அந்த டிக் கிளவுடுடையது அல்ல. அத்தனை அடுக்கு ஆழத்தில் நான் ஒளித்து வைத்ததால் பாதை அளவுக்கு மீறி நீளமாகி, கிளவுட் ஃபைலை எடுத்துக்கொள்ளவே இல்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேகப் படத்தில் சிவப்புப் புள்ளி போட்டு எட்டு நாளாக அது கத்திக்கொண்டிருந்திருக்கும். கண்ணை உறுத்துகிறது என்று அந்தப் படத்தை மறைத்து வைத்தவனும் நான்தான். மேலே போகாத ஃபைல் கீழே முழுசாக இருந்தது. ஒயர், காலர், ஸ்டூல், இரண்டு முப்பத்தொன்று, எல்லாம். உலகத்திலேயே ஒரே காப்பி. அதை வைத்துத்தான் நான் அவன் வாயை உடைத்தேன்.

கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். டிஸ்க் என்பது சூயிங்கம் பட்டை அளவு ஒரு சின்னப் பலகை. அது என் ஷூவுக்கடியில் இரண்டாக உடைந்திருந்தது, மேலிருந்த கறுப்புச் சில்லு தூளாகியிருந்தது. அதைக் கையில் வைத்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் ஒட்டிக்கொள்ளாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கதவு உடைந்தது. செக்யூரிட்டி இரண்டு பேர் என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார்கள். பின்னால் இன்ஸ்பெக்டர் அம்மாள், ஷேலார், பாலச்சந்திரன். பாலச்சந்திரன் நிர்மலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, தமிழில் கேட்டார்: "அந்த வீடியோ இதுலயா இருந்துது?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் தளேகாவ் போலீஸ் வந்தது. சர்வர் அறையில் நான் செய்தது முழுவதும் அந்த அறைக் கேமராவில் பதிந்திருந்தது. அதைப் பாலச்சந்திரன் மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்தாராம், ஒவ்வொன்றையும் திறந்து ஓட்டிப் பார்த்தாராம். மனிதர் என்னைவிட நல்ல சப்போர்ட் ஆள். லாக்கப்பில் ஒரு கான்ஸ்டபிள் என்னை முழங்காலில் நிறுத்திப் பிட்டத்தில் நாலு போட்டான். வலித்தது. நான் செய்ததற்கு அது குறைவுதான்.

போலீஸ் அனுப்பிய நிபுணர் சில்லுத் துண்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வீடியோ போயிற்று. ஜாமீனில் எடுக்க ஹெலினா வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நிர்மலோட பொண்டாட்டிக்கு மூணு மாசக் கொழந்தை, லியோ" என்றாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நிர்மலைப் பார்க்கக்கூடாது, கம்பெனிப் பக்கம் போகக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தராஜ் கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவன்தான் ஒயரைச் செருகினான் என்று அரசாங்கக் காகிதத்திலேயே வரப்போகிறது. வேலையும் போகும், இனி எந்த ஷாப்பிலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். வீடியோவைப் பார்த்தேன் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் சிநேகிதன், கையில் ரத்தத்தோடு பிடிபட்டவன்.

மூன்றாவது வாரம் கோவிந்தராஜ் கட்கிக்கு வந்தான். தனியாக, லோக்கலில், ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஹெலினா கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நிர்மலப் பார்த்தேன்."

"பேசுறானா?"

"எங்க பேசறது? வாயக் கம்பி போட்டுக் கட்டிக்கிறாங்க. எழுதிக் காட்றான்." டம்ளரைக் கீழே வைத்தான். "இன்ஸ்பெக்டரம்மா அவன்கிட்ட போயிருக்குது. வீடியோன்னு ஒண்ணு நெசமாவே இருந்துதான்னு கேட்டுக்கிது. இருந்துது, நான் பார்த்தேன்னு எழுதிக் குடுத்துட்டான். ஷேலார் ஒயரு வெச்சது, என் காலரப் புடிச்சது, மணி நிமிசம் எல்லாம். அதுக்கு முந்தின நாளு பாலச்சந்திரன் பழக்கூடையோட போயி, ஒண்ணும் பார்க்கலன்னு எழுதுன்னு சொல்லிட்டு வந்துக்கிறாரு. அப்பவும் எழுதிட்டான்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அந்தம்மா கேட்டுக்கிது, ஒன் வாய ஒடச்சவனோட சிநேகிதனுக்கு நீ ஏம்பா சாட்சி சொல்றேன்னு. அதுக்கும் எழுதிக்கிறான். அந்தக் காயிதத்த எனக்குக் காட்னான். 'பாத்ததச் சொல்றேன். அன்னிக்கே பயப்படாமச் சொல்லியிருக்கணும்.' அவ்ளோதான். ஒதை வாங்குனவன் எழுதுனதால யாரும் பொய்யின்னு சொல்ல முடியல. ஷேலார சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. எம் பேரு மேல இருந்தத எடுத்துட்டாங்க."

"கடைசியில நல்லதாத்தான் முடிஞ்சுது" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தேன். "நான் என்ன பண்ணினாலும் உனக்காகத்தான்டா பண்ணேன்."

அவன் அறைந்தான். இடது கை, பழக்கமில்லாத கை. ஆனாலும் பன்னிரண்டு வருடம் தகடு தூக்கிய கை. நாற்காலியிலிருந்து நான் விழுந்தேன், உதடு கிழிந்தது. சமையலறையிலிருந்து ஹெலினா எட்டிப் பார்த்தாள். அங்கேயே நின்றாள், கிட்டே வரவில்லை.

"எனக்காகன்னு சொல்லாத" என்றான் கோவிந்தராஜ். குரலை உயர்த்தவில்லை. "எங் கைய மெஷின் எடுத்துது. அவன் வாய நீ எடுத்த. அதுல எம் பேர இழுக்காத. அந்தப் பையன் மூஞ்சியப் பாத்துட்டு வந்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, லியோ. எனக்காக ஒருத்தன் அப்புடி ஆனான்னு நான் எப்புடிய்யா வெச்சுக்கினு இருப்பேன்?"

நான் எழுந்து உட்காருவதற்குள் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் என் வீட்டுக்கு வரவில்லை.

வட்காவ் கோர்ட்டில் என் கேஸை ஆறு மாதம் கழித்து எடுத்தார்கள். நிர்மல் எனக்கு எதிராகக் கொடுத்த புகாரும் அதே கையெழுத்தில், அதே நிதானத்தில் இருந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பின்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. நான் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன், அவன் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

என் வக்கீல் எனக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். கை போன ஏழைத் தொழிலாளி, சிநேகிதன், அவனுக்கு அநியாயம் நடந்ததைப் பார்த்து ஒரு நிமிஷம் நிதானம் இழந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நீதிபதியும் அதற்கு வசதியாகத்தான் கேட்டார். "உங்கள் நண்பருக்காக ஏற்பட்ட கோபமா?"

"இல்லை" என்றேன்.

வக்கீல் என் சட்டையை இழுத்தார்.

"பிறகு எதற்காக அடித்தீர்கள்?"

"ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை" என்றேன். "பார்க்காமல் அடித்துவிட்டேன்."

கிளார்க்குக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் எழுதி முடிக்கும்வரை மெதுவாகத் திரும்பச் சொன்னேன்.